ஆட்டுத் தீன் பேசினுக்கு ஒரு மரத்தாங்கி

தவிடும் புண்ணாக்கும் கரைத்து நிலத்தில் வைத்தால், ஆடு முன்காலைப் பேசினுக்குள் வைக்கும். இல்லையேல் தட்டிக் கொட்டும். காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கு மண்ணோடு போய்விடும். புழுக்கை விழுந்த தீனை முகர்ந்துவிட்டு விலகும். தின்றாலோ குடற்புழுவுக்கு அதுவும் ஒரு வழி. பேசினை விளிம்பில் தாங்கும் சிறு மரத்தாங்கி இவ்விழப்பைப் பெருமளவு தடுக்கும்.

ஆணியில்லாமல் செய்வதையே நாம் விரும்புகிறோம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் எங்குமிருந்தும் புறப்பட்டவர்களுக்கு, சைக்கிள் கரியரில் எது ஏறும், எது ஏறாது என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஆப்புகளைத் தட்டிக் கழற்றினால் இத்தாங்கி ஒரு விறகுக் கட்டளவுதான்.

காய்ந்த வேம்பு நல்லது. கறையான் எளிதில் அண்டாது. கைவாள், அரை அங்குல உளி, கொட்டாப்புளி, துறப்பணம், கத்தி போதும். பேசினைக் கவிழ்த்து, விளிம்புக்குச் சற்றுக் கீழுள்ள அகலத்துக்கு ஓர் ஈர்க்கை முறித்துக்கொள்ளுங்கள். கால்களின் இடைவெளி அவ்வளவே. உயரம், ஆட்டின் மார்புக்குச் சற்றுக் கீழே.

இரண்டு கால்களை மேலும் கீழும் சட்டமிட்டு, மரமுளை அடித்து இறுக்குங்கள். இப்படி இரண்டு பக்கங்கள். விளிம்பு இவற்றின் மேற்சட்டங்களில் அமரும். பக்கங்களை இணைக்கும் நான்கு குறுக்குச் சட்டங்களே கழற்றுபவை. அவற்றுக்கான துளைகளை மற்றத் துளைகளுக்கு நேரே வெட்டாதீர்கள். சற்றுக் கீழே வெட்டுங்கள், இல்லையேல் கால் பலமிழக்கும். இருபுறமிருந்தும் நடுநோக்கி உளி பிடித்தால் மரம் சிலும்பாது.

கவனம் வேண்டியது ஆப்புத்துளையில்தான். குறுக்குச் சட்டத்தின் நுனி காலைத் துளைத்து இரண்டு அங்குலம் வெளியே வரட்டும். அதில் வெட்டும் ஆப்புத்துளை, காலின் வெளிமுகத்திலிருந்து நூலளவு உள்ளேயே தொடங்க வேண்டும். வெளிமுகத்தோடு சரியாக வெட்டினால் ஆப்பு இறங்கும், பிடிக்காது. உள்ளே தொடங்கினால்தான் அடிக்க அடிக்கச் சட்டத்தை இழுத்து இறுக்கும். துளைக்கு அப்பால் ஓர் அங்குல மரமாவது மிஞ்சட்டும். குறைந்தால் நுனி பிளந்துவிடும். வெளித்தள்ளும் முனைகளைக் கத்தியால் மழுக்குங்கள். ஆட்டின் விலாவில் குத்தக்கூடாது.

முட்டித் தள்ளும் கிடாயென்றால் இரண்டு கால்களைக் கொட்டில் கம்பத்தோடு கட்டிவிடுங்கள். பேசினைத் தினமும் எடுத்துக் கழுவலாம். புளித்த மிச்சத்தின்மேல் புதுத் தீன் கரைக்க வேண்டாம்.

பச்சை மரமாயின் காயக் காய ஆப்பு தளரும். மேலிருந்து ஒரு தட்டுத் தட்டினால் போதும். மாரியில் ஊறி இறுகும். அப்போது கழற்ற நேர்ந்தால், ஆப்பின் மெல்லிய நுனியைக் கீழிருந்து தட்டுங்கள்.