வாவியில் வளரும் கடல்மீன்

மட்டக்களப்பு வாவியின் கரைகளில் வாழ்வோருள் ஒரு சாரார் நெல் விளைப்போர். மற்றொரு சாரார் மீன் பிடிப்போர். காலத்துக்கேற்ப இரு தொழிலையுஞ் செய்யும் குடும்பங்களும் உள. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமாகக் கடலோரத்தை அடுத்துக் கிடக்கும் இந்நீர்ப்பரப்பில், மேற்கேயுள்ள வயல்களின் வடிநீர் வந்து சேருகின்றது. கிழக்கே முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் புகுகின்றது. வாவியின் நலம் இவ்விரு நீரின் கலப்பைப் பொறுத்தது. ஆதலின் மீனைப் பற்றிய இத்துண்டுப்பிரசுரம் மீன் பிடிப்போருக்கு மட்டுமன்றிக் கமக்காரருக்கும் எழுதப்படுகின்றது.

மட்டக்களப்பு வாவி என்றதும் பாடும் மீனையே பலரும் நினைப்பர். இங்கே கூறப்புகுவது பாடாத மீன்களைப் பற்றி. சந்தைக்கும் சட்டிக்கும் போகும் மீன்களைப் பற்றி.

வாவியிற் பிடிபடும் இறால் வாவியிலேயே பிறந்ததென எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. வெள்ளை இறாலும் புலி இறாலும் கடலிலேயே முட்டையிடுகின்றன. ஒரு தாய் இறால் ஒரு முறையிற் பல இலட்சம் முட்டைகளை இடும். அவை ஒரு நாளுக்குள்ளாகவே பொரித்துவிடும். பொரித்த குடம்பி கண்ணுக்குப் புலனாவது அரிது. இறாலின் வடிவமும் அதற்கு இராது. பலமுறை தோலுரித்து உருமாறி, ஏறக்குறைய மூன்று வாரத்தில், ஒரு சென்ரிமீற்றர் அளவான நூல்போன்ற குஞ்சாகிக் கரையை அணுகும். அக்குஞ்சு நீரோட்டத்தை எதிர்த்து நீந்த வல்லதன்று. எனினும் அது வாவிக்குள் வந்து சேரும் விதம் வியக்கத்தக்கது. கடல் பெருகும்போது நீரின் மேற்பகுதிக்கு எழுந்து ஓட்டத்தோடு உள்ளே வரும். வற்றும்போது அடியிற் படிந்து மண்ணைப் பற்றிக்கொள்ளும். இவ்வாறு சில வற்றுப்பெருக்குகளிற் படிப்படியாக முகத்துவாரத்தைக் கடந்து, கரையோரத்துச் சேற்றையும் வேர்களையும் அடைந்துவிடும். அங்கே சில திங்கள் வளர்ந்து, முதிர்ச்சி எய்து முன்னர் மீண்டுங் கடலுக்குச் செல்லும். கடலில் இழுவைவலைக்கு அகப்படும் பெரிய இறாலும் இவ்வாறு ஒரு காலத்திற் களப்பொன்றின் சேற்றில் வளர்ந்ததேயாகும்.

திரளியும் இதைப் போன்றே கடலில் முட்டையிட்டுக் குஞ்சுப்பருவத்தில் வாவியை நாடுவது. சேற்றுநண்டோ வாவியில் இணைந்து, சினைநண்டு மட்டும் முட்டை பொரிக்கக் கடலுக்குச் செல்லும். கொடுவாவின் இயல்பு வேறொரு வகையிற் புதுமையானது. அது முகத்துவாரத்தை அடுத்த உப்புநீரில் முட்டையிடும். குஞ்சுகள் கண்டல் நிழலில் வளரும். இளமையில் ஆணாயிருந்து, பல ஆண்டு வளர்ந்து பருத்தபின் பெண்ணாக மாறும். எனவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் சினைகொள்ளும் பெண்மீன்கள் என்பதைப் பிடிப்போர் மனத்திற் கொள்ளுதல் நன்று.

குஞ்சுகள் ஏன் ஆழமற்ற இவ்விடங்களைத் தேடி வருகின்றன? முதலாவது காரணம் உணவு. கண்டல், கண்ணா முதலிய மரங்களின் இலைகள் ஆண்டு முழுவதும் நீரில் உதிர்கின்றன. உதிர்ந்த இலையை மீன்குஞ்சு நேரே உண்பதில்லை. பற்றீரியாவும் பங்கசும் அதனை மக்கச் செய்கின்றன. மக்கிய துகளைச் சிறு புழுக்களும் நுண்ணிய ஓட்டுயிர்களும் உண்கின்றன. அவற்றை மீன்குஞ்சு உண்கின்றது. வயலுக்குக் குழையைத் தாழ்த்துப் பசளையாக்கும் கமக்காரருக்கு இதனை விரித்துக் கூற வேண்டியதில்லை. வேர்களிலும் சேற்றிலும் படரும் நுண்ணிய பாசியும் சிறந்த உணவாகும்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. கண்டலின் முட்டுவேர்கள் நெருங்கிய வேலிபோல் நீரில் இறங்கியிருப்பதால், பெரிய மீன் அவற்றினூடே விரட்டி வரமுடியாது. கலங்கிய நீரும் சிறு குஞ்சை மறைக்கும். நீர்கொழும்புக் களப்பில் மீன் பிடிப்போர் கண்டற் கிளைகளைக் கட்டி நீரில் ஊன்றி, மீன் அங்கு வந்து கூடியபின் வலையால் வளைத்துப் பிடிக்கும் பழைய முறையொன்று உண்டு. அதற்கு வேண்டிய கிளைகளுக்காக அவர்கள் கண்டல் தோப்புக்களை நட்டு வளர்த்தும் வந்துள்ளனர். மீன் வேரையும் கிளையையும் நாடும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் மன்னார், கற்பிட்டிப் பக்கத்திலும் இத்தொண்டைப் பெரும்பாலும் கடற்புற்படுக்கைகள் செய்கின்றன. ஒரா மீன் அங்கேயே மேய்ந்து வளர்வது. கடற்புல்லைப் பயனற்ற களையென எண்ணி அழித்தல் தவறாகும்.

இனி, இவ்விடங்கள் எவ்வாறு கெடுகின்றன என்பதைப் பார்ப்போம். நமது தீவின் கரையில் வற்றுப்பெருக்கின் உயரவேறுபாடு ஒரு மீற்றருக்குங் குறைவானது. ஆகையாற் கண்டல்கள் இங்கே அகன்ற காடாக விரியாமல் நீரோரமாக ஒடுங்கிய வரிசையாகவே வளர்கின்றன. பிற நாடுகளிற் சிறிய வெட்டு எனக் கருதப்படுவது இங்கே கரையொன்றை முழுவதும் வெறுமையாக்கிவிடும். விறகுக்கும் வேலிக்கம்புக்குமாக வெட்டியதுண்டு. 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில், பாதுகாப்பைக் காரணமாகக் கொண்டு மட்டக்களப்பு வாவியோரத்திலும் மரங்கள் வெட்டப்பட்டன.

மேற்குக் கரையில் நிகழ்ந்தது வேறு. 1980களிலும் 1990களிலும் புத்தளம் மாவட்டத்தில் களப்புக்களையும் ஒல்லாந்தர் வாய்க்காலையும் சார்ந்து இறாற் பண்ணைகள் பெருகின. கண்டல் நின்ற நிலமும் உப்புச் சதுப்பும் குளங்களாக வெட்டப்பட்டன. ஒரு பண்ணையின் கழிநீரே அடுத்த பண்ணைக்கு உட்புகும் நீராயிற்று. 1996 ஆம் ஆண்டில் வெண்புள்ளி நோய் பரவியபோது மிகப் பல குளங்கள் கைவிடப்பட்டன. அங்ஙனம் கைவிடப்பட்ட குளம் நெல்லுக்கும் உதவாது. கண்டற் சேற்றில் இரும்பும் கந்தகமும் கூடிய பொருளொன்று உண்டு. அது நீரின் கீழ் இருக்கும்வரை தீங்கற்றது. வெட்டிக் காயவிட்டால் காற்றோடு கலந்து சல்பூரிக்கமிலத்தைத் தோற்றுவிக்கும். அமில மண்ணிற் பயிரும் வாராது. மழைக்கு வழிந்தோடும் நீரால் மீனும் மடியும். அப்பண்ணைகளுக்கு வேண்டிய தாய் இறால்களைக் கடலிலிருந்தே பிடித்து வந்தனர் என்பதையும் இங்கே கூறவேண்டும். அத்தாய் இறால்கள் இளமையில் வளர்ந்த சேற்றையே பண்ணைக்காக வெட்டினர்.

அழிந்ததை மீண்டும் நட்டுவிடலாம் என்பது எளிதிற் சொல்லக்கூடியது. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் நாட்டின் பல பகுதிகளிற் கண்டல் நடப்பட்டது. பின்னர் 23 நடுகை இடங்களை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றுள் 9 இடங்களில் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. பொருத்தமற்ற இடம், பொருத்தமற்ற இனம், நட்டபின் பராமரிப்பின்மை, மாடு மேய்தல் ஆகியனவே பெருங் காரணங்கள். எப்போதும் நீர் நிற்கும் பள்ளத்திற் கண்டலை நடுதல், வெள்ளம் வடியாத மூலையில் நெல் விதைத்தலைப் போன்றது. முன்னர் கண்டல் நின்ற இடத்தையே தெரிந்து, அங்கே நீர் வந்துபோகும் வழி அடைபட்டிருப்பின் முதலில் அதனைத் திறத்தல் வேண்டும். அயலில் தாய்மரம் இருப்பின் வித்து மிதந்து வந்து தானே முளைக்கும். நடவே வேண்டுமாயின், மரத்தில் தொங்கியபடியே முளைத்து முற்றிய கண்டற் காயை எடுத்து, அதன் நீளத்தில் மூன்றிலொரு பங்கு சேற்றில் இறங்குமாறு நேராக ஊன்றுக. தலைகீழாக ஊன்றுவாரும் உளர். கூரிய வேர்நுனி கீழேயும் மொட்டுள்ள நுனி மேலேயும் வருமாறு இருத்தல் வேண்டும். மாடு புகாமல் வேலியிடுக.

வயலிலிருந்து வரும் தீங்கு கண்ணுக்குத் தோன்றாது. பூச்சிகொல்லியைப் பற்றி ஒன்று அறிதல் வேண்டும். இறாலும் நண்டும் பூச்சியினத்துக்கு உறவானவை. மூட்டுக்காலிகள் என்னும் ஒரே பெருங்குலத்தைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்லுமாறு ஆக்கிய மருந்து மீனுக்குத் தீங்கு செய்யாத சிறு அளவிலும் இறாற்குஞ்சைக் கொல்லக்கூடும். வாவியில் மீன் செத்து மிதக்கவில்லை என்பதால் மருந்து தீங்கற்றதென முடிவு செய்தல் கூடாது. இறாற்குஞ்சு மடிந்தால் மிதப்பதை எவரும் காணார். மருந்து தெளித்தபின் சில நாள்களுக்கு வயல்நீரை வெட்டிவிடாதிருத்தல் வேண்டும். தெளிகருவியை வாய்க்காலிற் கழுவும் வழக்கம் கைவிடப்படவேண்டியது. யூரியாவைப் பெருமழைக்கு முன் எறிந்தால் அதன் பயன் பயிருக்கன்றி வாவிப் பாசிக்கே சேரும். பாசி மிகுந்த நீரில் இரவில் ஒட்சிசன் குறைந்து விடியற்காலையில் மீன் மேலெழுந்து வாய்பிளப்பதைக் கரையிலுள்ளோர் கண்டிருப்பர்.

எஞ்சியது முகத்துவாரம் பற்றியது. இதிலேதான் கமக்காரருக்கும் மீன் பிடிப்போருக்கும் பிணக்கு எழுவது. வறண்ட காலத்தில் ஆற்றுநீர் வலிகுன்றக் கடலலை மணலைக் குவித்து வாயை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் வாவி நிரம்பித் தாழ்ந்த வயல்களில் நீர் ஏறும். பெரும்போகப் பயிர் அழுகுமுன் வாயை வெட்டுக என்பர் கமக்காரர். வெட்டினால் வளராத இறாலும் வெள்ளத்தோடு போய்விடும் என்பர் மீன் பிடிப்போர். இருவர் கூற்றிலும் உண்மையுண்டு. முன்கூட்டி வெட்டினால் நீர்மட்டம் விரைந்து தாழ்ந்து, குஞ்சுகள் தங்கும் வேரும் புல்லும் வெளிப்பட்டுவிடும். மழை ஓய்ந்தபின் கடல்நீர் ஏறி வாவியோர வயலையும் கெடுக்கும். ஆயினும் மீனுக்காக வாயைத் திறவாமலே விடுக என்போர் மீனின் இயல்பை அறியாதவரே. வாய் நெடுங்காலம் அடைபட்டிருந்தால் கடலிலிருந்து புதிய குஞ்சு வரமாட்டாது. வளர்ந்த இறாலுக்குப் போக வழியிராது. நீர் நன்னீராகி ஆற்றுவாழை பரவும். உப்புநீர் புகுந்தால் அக்களை மடியும்.

ஆகவே வெட்டுவதா என்பதன்று கேள்வி. எந்நாளில், எவ்வளவு அகலத்தில் என்பதே. வாவியின் சில இடங்களில் அளவுகோல் நாட்டி, எம்மட்டத்தில் எக்கண்டத்து வயல் மூழ்குகின்றது என்பதை ஆண்டுதோறும் குறித்து வருதல் கமக்கார அமைப்புக்களாற் செய்யக்கூடிய காரியம். மீன்பிடிச் சங்கங்கள் அந்நாள்களில் வலையில் ஏறும் இறாலின் பருமனைக் குறித்து வைக்கலாம். மாவட்டச் செயலகத்திற் கூட்டம் கூடும்போது இவ்விரு குறிப்பும் மேசைமேல் இருக்குமாயின், உரத்துப் பேசுவோர் பக்கம் முடிவு சாய வேண்டியதில்லை. வாய் வெட்டிய நாள்களில் முகத்துவாரத்தை வலைகொண்டு குறுக்கே அடைத்தல் எவ்வகையிலும் ஆகாது. நுண்கண் வலையும், சட்டத்தால் தடுக்கப்பட்ட தங்கூசி வலையும் அவ்வேளையில் இறங்குவதைக் கண்டால் அருகிலுள்ள கடற்றொழில் பரிசோதகருக்கு அன்றே அறிவித்தல் வேண்டும்.