கல்லும் காலமும் – 9: நம்பிக்கை வாசல்

சென்ற வாரம் சிங்கப்பூரின் நல்லாயன் பேராலயத்தைப் பார்த்தோம். இந்த வாரம் அங்கிருந்து விக்டோரியா ஸ்ட்ரீட்டைத் தாண்டி எதிர்ப்புறம் போவோம். இப்போது அங்கே உணவகங்களும் மதுக்கூடங்களும் திருமண அரங்கமும் இருக்கின்றன. சைம்ஸ் என்று பெயர். 2018-இல் வெளியான ‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தின் கல்யாணக் காட்சியை எடுத்தது இங்கேதான். ஆனால், 1854 முதல் 1983 வரை இது பெண் பிள்ளைகள் படித்த இடம். திருக்குழந்தை இயேசு கன்னியர் மடம் நடத்திய பள்ளி. ஊர்க்காரர்களின் வாயில் ‘டவுன் கான்வென்ட்’.

இந்தக் கதையும் பேராலயத்தைக் கட்டிய பிரெஞ்சுப் பாதிரியார் பெரெலிடமிருந்துதான் தொடங்குகிறது. கோயில் கட்டியாயிற்று, அடுத்து பையன்களுக்கு ஒரு பள்ளி, பெண்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று நினைத்தார். பெண்கள் பள்ளிக்கு ஆங்கிலேய அரசிடம் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. அவர் ஓயவில்லை. 1852-இல் தன் சொந்தப் பணத்தில் ஒரு வீட்டை வாங்கினார். கால்டுவெல் என்ற நீதிமன்ற எழுத்தருக்காக 1840–41-இல் கட்டிய வீடு அது. கட்டியவர் கோல்மன், ஆரம்பகால சிங்கப்பூருக்கு உருவம் கொடுத்த கட்டடக் கலைஞர்.

வீடு கிடைத்துவிட்டது, பாடம் நடத்த ஆள் வர வேண்டுமே? பிரான்சிலிருந்து கீழ்த்திசைக்குக் கிளம்பிய முதல் கன்னியர் குழுவின் தலைவி வழியில் கடலிலேயே இறந்துபோனார். அந்த இடத்தை நிரப்ப அடுத்த குழுவோடு அனுப்பப்பட்டவர் மதர் மத்தில்ட் ரக்லோ. பினாங்கில் சில காலம் பணியாற்றிவிட்டு, 1854 பிப்ரவரி 5 அன்று மூன்று சகோதரிகளோடு சிங்கப்பூரில் வந்து இறங்கினார். பத்தே நாளில் இரண்டு வகுப்புகள் தொடங்கின. ஒன்று, கட்டணம் கட்டிப் படிக்கும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு. மற்றது, அநாதைகளுக்கும் ஏழைகளுக்கும்.

கால்டுவெல் வீட்டின் மாடியில் அரைவட்டமாக முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் ஓர் அறை உண்டு. சுற்றிலும் ஜன்னல்கள்; வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் குறைவில்லை. கன்னியர்கள் தைத்ததும் படித்ததும் எழுதியதும் அங்கேதான். கீழ்த்தளத்தில் விருந்தினரைச் சந்திப்பார்கள்.

வளாகத்தில் மனதைக் கனக்கவைக்கும் பகுதி விக்டோரியா ஸ்ட்ரீட் பக்கம் இருக்கிறது. அது மதிலில் உள்ள ஒரு சின்ன வாசல். பெற்றவர்கள் வளர்க்க வழியில்லாமல் பச்சைக் குழந்தைகளை அங்கே கொண்டுவந்து விட்டுப் போவார்கள். கூடையிலோ துணியிலோ கிடக்கும் பிள்ளையைக் கன்னியர்கள் எடுத்துப் போய் வளர்ப்பார்கள். பெரும்பாலும் பெண் குழந்தைகள். வறுமை ஒரு காரணம். புலி ஆண்டில் பிறக்கும் பெண் குடும்பத்துக்கு ஆகாதவள் என்ற சீன நம்பிக்கை இன்னொரு காரணம். நோயோடு வந்து பிழைக்காமல் போன குழந்தைகளும் உண்டு. அந்த வாசலுக்கு ‘நம்பிக்கை வாசல்’ என்று பெயர், இன்றும் இருக்கிறது.

தப்பிப் பிழைத்த பிள்ளைகள் மடத்திலேயே வளர்ந்தார்கள். எழுத்தும் எண்ணும் கற்றார்கள். தையலும் சமையலும் பழகினார்கள். அவர்கள் போட்ட பூவேலைத் துணிகள் விற்ற காசும், வசதியுள்ள பிள்ளைகள் கட்டிய கட்டணமும் மடத்துச் செலவுக்கு உதவின. கல்யாண வயது வந்தால் மாப்பிள்ளை பார்ப்பதும் கன்னியர்களின் பொறுப்பாகவே இருந்தது. ஒரே மதிலுக்குள் பணக்காரப் பிள்ளையும் கைவிடப்பட்ட பிள்ளையும் இருந்தார்கள் என்றாலும், இருவரையும் அருகருகே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்து வர்க்க வேறுபாடு மடத்துக்குள்ளும் இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், வேறு எந்தக் கதவும் திறக்காத பிள்ளைக்கு இந்தக் கதவு திறந்தது.

இன்று எல்லோரும் நின்று படம் எடுக்கும் கோதிக் தேவாலயம் வந்தது அரை நூற்றாண்டு கழித்துத்தான். அருட்தந்தை சார்ல்ஸ் நேன் வரைந்த திட்டப்படி எழுந்து, 1904 ஜூனில் அர்ச்சிக்கப்பட்டது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைச் செய்தவர் பெல்ஜியத்தின் புரூஜ் நகரக் கலைஞர் ஜூல்ஸ் டொபெலார். அங்கே போகிறவர்கள் தூண்களின் உச்சியைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். தேவாலயத்திலும் தாழ்வாரங்களிலுமாக 648 போதிகைகள். வெப்பமண்டலச் செடிகொடிகளும் பறவைகளும் செதுக்கிய வேலைப்பாடு; ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. ஐரோப்பியக் கோயில் வடிவத்துக்குள் இந்த மண்ணின் பச்சையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

1933-இல் இதே வளாகத்தை ஒட்டி, சீன மொழி வழியில் கற்பிக்கும் புனித நிக்கோலஸ் பெண்கள் பள்ளி தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். கான்வென்டின் பெயர் ‘விக்டோரியா ஸ்ட்ரீட் பெண்கள் பள்ளி’ என்று மாறியது. ஜப்பானிய மொழி பாடமானது. உணவுப் பஞ்சம் முற்றியபோது, மலாயாவின் பாகாவ் என்ற இடத்தில் காட்டை அழித்து உருவாக்கிய கத்தோலிக்கக் குடியேற்றத்துக்குக் கன்னியர் பலர் அநாதைப் பிள்ளைகளோடு போனார்கள். அங்கே மலேரியா ஏராளமானோரை வாரிக்கொண்டு போனது. போர் முடிந்து திரும்பியவர்கள் மறுபடியும் வகுப்பறைகளைத் திறந்தார்கள்.

பள்ளி இங்கிருந்து போனதற்கு நகரத்தின் வளர்ச்சியே காரணம். நிலத்தை அரசு கையகப்படுத்தியது. 1983 நவம்பர் 3 அன்று தேவாலயத்தில் கடைசித் திருப்பலி. பள்ளி தோ பாயோவுக்குப் போயிற்று. புனித நிக்கோலஸ் பள்ளியின் கட்டடங்கள் இடிபட்ட இடத்தில் எம்.ஆர்.டி. ரயில் நிறுவனத்தின் தலைமையகம் எழுந்தது. கால்டுவெல் வீடும் தேவாலயமும் 1990-இல் தேசிய நினைவுச் சின்னங்களாயின. புதுப்பிக்கும் வேலை முடிந்து, 1996-இல் சைம்ஸ் திறந்தது.

கட்டடத்தைக் காப்பாற்றியது நல்ல காரியம். இடித்துத் தள்ளியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை. ஆனால், நாம் பாதுகாக்கும்போது கோபுரத்தையும் வண்ணக் கண்ணாடியையும் முதலில் பார்க்கிறோம். அவற்றை எழுப்பவைத்த வேலையைக் கடைசியில்தான் பார்க்கிறோம், சில சமயம் பார்ப்பதே இல்லை. இந்தக் கோதிக் தேவாலயம் இல்லாமல் மடம் ஐம்பது ஆண்டுகள் இயங்கியது. குழந்தைகளை ஏற்றுக்கொள்ளும் அந்த வாசல் இல்லாமல் போயிருந்தால் இது இன்னொரு பணக்காரப் பள்ளி, அவ்வளவுதான். மதர் மத்தில்டும் கட்டடத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் அல்லர். 1872-இல் ஜப்பானுக்குக் கப்பலேறி அங்கேயும் பள்ளி தொடங்கினார். 1911-இல் யோகஹாமாவிலேயே காலமானார். சிங்கப்பூரில் இன்று அந்த மடத்தின் பெயரைத் தாங்கி 11 பள்ளிகள் நடக்கின்றன. டவுன் கான்வென்ட் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், அந்தப் பள்ளிகளைத்தான் முதலில் காட்டுவேன்.

(அடுத்த வாரம்: பெரெல் பையன்களுக்காகத் தொடங்கிய பள்ளி, பிராஸ் பாசா ரோட்டில்)