பாதத் தாங்கியும் பழக வேண்டிய பாதமும்

தட்டைப் பாதம், தீராத குதிவலி, நீரிழிவினால் ஏற்படும் பாதப் பாதிப்பு ஆகியவற்றுக்காக வைத்தியர்கள் பரிந்துரைக்கின்ற பாதத் தாங்கிகள், பல வீடுகளில் அலுமாரியின் மேல் தூசு படிந்து கிடக்கின்றன. அளவெடுத்து, அச்சு வார்த்து, கணிசமான பணமும் செலவிட்டுப் பெற்ற ஒன்றை ஒரு வாரத்திலேயே கைவிடுவதற்குக் கூறப்படும் காரணம், "போட்டால் கால் உளைகிறது" என்பதாகும்.

அவ்வுளைவு எதிர்பார்க்கப்பட வேண்டியதே. பாதமொன்றில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றைப் பிணைத்திருக்கும் இணையங்களும் கெண்டைக்கால் தசைகளும் பல்லாண்டுகளாக ஒரே விதமான நடைக்குப் பழகிப்போனவை. தாங்கியோ, குதியிலும் விரல்களின் அடியிலும் குவிந்திருந்த உடற்பாரத்தை உள்ளங்கால் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கின்றது. அதுகாறும் பாரம் சுமந்திராத உள்ளங்கால் வளைவு சுமக்கத் தொடங்கும்போது அங்கு மாத்திரமன்றி, முழங்காலிலும் இடுப்பிலும் கூட இலேசான அசௌகரியம் தோன்றலாம்.

எனவேதான் முதல்நாள் ஒரு மணித்தியாலம், மறுநாள் இரண்டு மணித்தியாலம் என்றவாறு படிப்படியாக அணியும் நேரத்தைக் கூட்டுமாறு அறிவுறுத்தப்படுகின்றது. இரண்டு வாரமளவில் நாள் முழுவதும் அணியலாம். சிலருக்கு 4 முதல் 6 வாரங்கள் வரை செல்லும். உளைவு அதிகரித்தால் ஓரிரு நாட்கள் நேரத்தைக் குறைத்துக்கொண்டு மீண்டும் தொடரலாம். ஓட்டமும் விளையாட்டும் அதன் பின்னரே. சப்பாத்தினுள் ஏற்கெனவே உள்ள மெத்தையை அகற்றாமல் அதன் மீதே தாங்கியை வைப்பவர்களும் உளர். இதனால் இடம் போதாமல் விரல்கள் நசுங்குவதுடன், பழி தாங்கியின் மீது விழுகின்றது.

மேற்கூறியவை உணர்ச்சியுள்ள பாதங்களுக்கே பொருந்தும். நீரிழிவினால் நரம்பு பாதிக்கப்பட்டு மரத்துப்போன பாதத்தைப் பொறுத்தவரை, வலி இல்லாமையே ஆபத்தாகும். 1946ஆம் ஆண்டு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்கள் தாமாக அழுகுவதில்லை, வலி தெரியாமையால் மீண்டும் மீண்டும் காயப்பட்டே சிதைகின்றன என எடுத்துக்காட்டினார். நீரிழிவுப் பாதத்துக்கும் இது அப்படியே பொருந்தும். பொருந்தாத தாங்கியின் ஓரம் இரண்டு மணித்தியாலம் உரசினாலும் அத்தகையவர் அறியமாட்டார். அப்புண் ஆறாது போனால் விரலை, சில வேளைகளில் காலையே அகற்ற நேரிடுகின்றது.

ஆதலால் அத்தகையவர்கள், வைத்தியர் வேறு விதமாகக் கூறாதவிடத்து, இன்னும் குறைந்த நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் தாங்கியைக் கழற்றியதும் பாதத்தைப் பார்க்க வேண்டும். அடிப்பாகத்தைப் பார்க்கச் சிறு கண்ணாடி ஒன்று போதும். கண்பார்வை மங்கியவருக்கு வீட்டார் உதவ வேண்டும். சிவப்பு அரைமணி நேரத்தில் மறையாவிடின் அல்லது கொப்புளம் தென்படின், அணிவதை நிறுத்திவிட்டுத் தாங்கியுடனேயே கிளினிக்கிற்குச் செல்ல வேண்டும். கொப்புளத்தை உடைக்கலாகாது. தாங்கியை வீட்டில் தாமே வெட்டித் திருத்துவதும் தவறு.

எமது வாழ்க்கை முறையில் மேலுமொரு சிக்கல் உண்டு. வீட்டினுள் நாம் செருப்பணிவதில்லை. கோயிலிலும் பள்ளிவாசலிலும் கழற்றிவிடுகின்றோம். வீட்டிலேயே நாளைக் கழிக்கும் ஒருவருக்குச் சப்பாத்தினுள் வைக்கும் தாங்கியால் பயன் சொற்பமே. வீட்டுக்கென, பின்வார் உள்ள செருப்பிலேயே தாங்கி அமைத்துத் தர முடியுமா எனக் கேட்பதில் தவறில்லை. நண்பகல் வெயிலில் கோயில் வீதியைச் சுற்றுவதை மரத்த பாதமுடையோர் தவிர்த்தல் வேண்டும். சுடுமணல் கொப்புளிக்கச் செய்தாலும் அவர்களுக்குத் தெரியாது. மாறாக, தொழுகைக்கு முன்னர் வுழூச் செய்பவர்களுக்கு நாளுக்கு ஐந்து தடவை பாதத்தைப் பரிசோதிக்கும் வாய்ப்புக் கிடைக்கின்றது. கழுவிய பின் விரலிடுக்குகளில் ஈரம் தங்காது துடைத்துக்கொண்டாற் போதும்.

இவற்றையெல்லாம் தாங்கியைக் கையளிக்கும்போதே நோயாளருக்கு அவரது மொழியில் எழுதிக் கொடுப்பது பெரிய செலவல்ல. அத்துடன், சில வாரங்களின் பின் மீண்டும் வருமாறு தரப்படும் திகதியைத் தவறவிடலாகாது. உரசும் இடத்தைத் தேய்த்துச் சீர்செய்வதும், அமுங்கிப்போன மென்பாகத்தை மாற்றுவதும் அப்போதுதான் நடைபெறுகின்றன.