வேண்டாத பிள்ளைகள் இருவர்: கிளாடியஸும் டிரியனும்

மாயமும் டிராகன்களும் உலவும் கற்பனை நிலமொன்றை நம்பும்படி கட்டியெழுப்பும் மிகுபுனைவு என்னும் கதைவகையில், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 1996இல் தொடங்கிய நாவல் வரிசை 2011 முதல் 2019 வரை ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்ற தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தபின், அதன் பாத்திரங்களுக்குப் பண்டைய ரோமாபுரியில் இணை தேடுவது வாசகரிடையே பரவலான வழக்கமாயிற்று. இக்கதைக்கு முதன்மை ஊற்று 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அரசுரிமைப் போர்களே என்றாலும், ரோமானியப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122இல் பிரிட்டனின் வடஎல்லையில் எழுப்பத் தொடங்கிய நெடுஞ்சுவரை 1981இல் நேரில் கண்டதே தம் கதையின் பனிச்சுவருக்கு வித்து என்று மார்ட்டினே கூறியிருப்பதால், இந்தத் தேடலை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட இயலாது.

இவ்வொப்பீடுகளில் எளிதானது, கொடுமையில் களிக்கும் இளம் அரசன் ஜாஃப்ரியைப் பேரரசன் காலிகுலாவோடு சேர்ப்பது. இதில் ஆழம் அதிகமில்லை. காலிகுலா தன் குதிரையைக் கான்சல் என்னும் உயர்பதவியில் அமர்த்தினான் என்று இன்றும் எழுதப்படுகிறது. ஆனால் அவனுக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்குப்பின் பேரரசர்களின் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ், அவனுக்கு அப்படியோர் எண்ணம் இருந்ததாகப் பேச்சு உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

உண்மையில் ஆராயத்தக்கது, காலிகுலாவின் சிறிய தந்தை கிளாடியஸுக்கும் லானிஸ்டர் குடும்பத்தின் குள்ள உருவ மகன் டிரியனுக்கும் இடையிலான ஒப்புமையாகும். கி.மு. 10இல் இன்றைய பிரான்சின் லியோன் நகரில் பிறந்த கிளாடியஸ் காலை இழுத்து நடப்பவர், திக்கிப் பேசுபவர். பெற்ற தாய் அந்தோனியாவே அவரை இயற்கை தொடங்கி முடிக்காமல் விட்ட உரு என்று இகழ்ந்ததாகவும், யாரையேனும் மடையன் என்று ஏச நேர்ந்தால் தன் மகனினும் மடையன் என்று சொன்னதாகவும் சூட்டோனியஸ் எழுதுகிறார். பொது விழாக்களில் இவரை எங்கே அமர்த்தினால் குடும்பத்துக்குத் தலைகுனிவு நேராது என்று பேரரசர் அகஸ்டஸ் தம் மனைவி லிவியாவுக்கு எழுதிய கடிதத்தின் பகுதியும் அதே நூலில் உள்ளது. தன்னைப் பெற்றபோது தாய் இறந்ததைக் காரணமாக்கித் தந்தை டைவின் வாழ்நாளெல்லாம் வெறுத்த டிரியனும், பதவி மறுக்கப்பட்ட கிளாடியஸும் புத்தகங்களிடமே அடைக்கலம் புகுந்தனர். எட்ருஸ்கர் என்னும் பழைய இத்தாலிய மக்களைப் பற்றிக் கிரேக்க மொழியில் 20 பகுதிகள் கொண்ட வரலாற்றைக் கிளாடியஸ் எழுதினார். அது கிடைக்காமற் போனது வரலாற்றுத் துறைக்குப் பேரிழப்பு.

ஆயினும் இருவரும் ஓரிடத்தில் முற்றிலும் வேறுபடுகின்றனர். டிரியனின் கூர்மதியை அவனுடைய பகைவரும் அறிவர். கிளாடியஸின் அறிவையோ ஏறக்குறைய எவரும் நம்பவில்லை. கி.பி. 41இல் காலிகுலா கொல்லப்பட்டபோது திரைக்குப் பின்னே ஒளிந்திருந்த அவரைக் காவற்படை வீரனொருவன் கண்டு வெளியே இழுக்க, அப்படையினரே அவரைப் பேரரசராக்கினர். காலிகுலாவிடமிருந்து உயிர்தப்பவே மடையனைப்போல் நடித்ததாகப் பின்னர் அவர் விளக்கியபோது, மடமையை எவராலும் நடிக்க இயலாது என்ற கருத்தோடு ஒரு நூலே வெளிவந்தது என்கிறார் சூட்டோனியஸ். இத்தகைய நகைமுரணை மிகுபுனைவு எழுத்தாளர் எவரும் எளிதில் கற்பனை செய்துவிட முடியாது.

இவ்வளவும் உண்மையா என்பது அடுத்த கேள்வி. கிளாடியஸால் கோர்சிகா தீவுக்கு நாடுகடத்தப்பட்ட தத்துவ அறிஞர் செனகா, அவர் இறந்ததும் அவரைக் கேலி செய்து ஓர் அங்கதநூல் எழுதினார். பிற்கால வரலாற்றாசிரியர்களும் செனட் என்னும் பிரபுக்கள் அவையின் மனக்கசப்பைச் சுமந்தே எழுதினர். அவர்கள் கையில் ஒரு மனிதர் எவ்வாறு பாத்திரமாக மாறினார் என்பதை நேரில் காட்டும் சான்று ஒன்றுண்டு. கி.பி. 48இல், லியோன் அடங்கிய ‘கால்’ (Gaul) என்னும் நாட்டின் தலைவர்களையும் செனட்டில் சேர்க்க வேண்டும் என்று கிளாடியஸ் ஆற்றிய உரை வெண்கலப் பலகையில் பொறிக்கப்பட்டது. 1528இல் லியோனில் கண்டெடுக்கப்பட்ட அப்பலகையில், அவர் பழைய எட்ருஸ்க மன்னர்களின் கதைக்குள் நெடுந்தூரம் போய், பகைவரொருவரை இடையே ஏசி, இனியேனும் விஷயத்துக்கு வா என்று தம்மையே பெயர் சொல்லி அழைத்துத் திருத்திக்கொள்கிறார். அதே உரையை ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் தம் நூலில் தருமிடத்தில் இந்தத் தடுமாற்றங்கள் எவையும் இல்லை. வாதம் சீராகச் செல்கிறது. ஆகவே நாவலின் டிரியனோடு நாம் ஒப்பிடும் கிளாடியஸும் ஓரளவு எழுத்தாளர்கள் செதுக்கிய உருவமே. பலகையில் பேசும் கிளாடியஸ் அவரினும் குழப்பமானவர், அவரினும் சுவையானவர்.

இவ்வொப்பீட்டில் மயங்குவோர் மற்றொன்றையும் மறந்துவிடுகின்றனர். டிரியன் தன் தந்தையைக் கொல்லுமிடத்தில் அதுவரை அவன் பட்ட அவமானங்கள் அனைத்தும் வாசகருக்குத் தெரிந்திருப்பதால் இரக்கம் அவன் பக்கமே நிற்கிறது. கிளாடியஸின் ஆட்சியிலோ செனட்டர்கள் 35 பேரும், அவர்களுக்கு அடுத்த நிலையிலிருந்த குதிரைவீரர் வகுப்பினர் 300 பேருக்கு மேலும் கொல்லப்பட்டதாகச் சூட்டோனியஸ் கணக்குத் தருகிறார். அவர்களுள் பெரும்பாலோர் பட்ட துயரை நமக்குச் சொல்ல நாவலாசிரியர் எவரும் இல்லை. சூட்டோனியஸின் கணக்கில் பாதியே உண்மை என்று கொண்டாலும், கிளாடியஸுக்கு இணையாக டிரியனை மட்டும் நிறுத்துவது பொருந்தாது. ஜாஃப்ரியையும் உடன் நிறுத்தியாக வேண்டும்.