லகானை இழுக்காத கௌபாய்

ஹாலிவுட் கௌபாய் படம் பார்த்தவர்களுக்கு, லகானைப் பலமாக இழுத்தால் குதிரை நின்றுவிடும் என்ற நினைப்பு. நிற்கும்தான். ஆனால் வாயில் இரும்பு அழுத்த, தலையைத் தூக்கி, முதுகைக் குழித்துக்கொண்டு வலியோடு நிற்கும். பின்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து, இடுப்பைத் தாழ்த்தி நிற்கக் குதிரைக்குக் கற்றுத்தர வேண்டும். அந்தப் பாடம் இருப்பது டிரஸ்ஸாஜில்.

வால் கோட்டும் தொப்பியுமாக ஐரோப்பியப் பணக்காரர்கள் ஆடும் ஆட்டம் என்று அதற்குப் பெயர். உண்மையில் அதன் பயிற்சிமுறை ஜெர்மானியக் குதிரைப்படை வளர்த்தது: முதலில் சீரான தாளம், பிறகு உடல் இளக்கம், லகானோடு மென்மையான தொடர்பு, அதன்பின் உந்துதல், நேரான நடை, கடைசியாக எடையைப் பின்னங்கால்களில் ஏற்றித் திரட்டிக்கொள்ளுதல். எந்தச் சேணம் என்பது பொருட்டல்ல. மேற்கத்திய பாணியில் தளர்ந்த லகான் ஒரே கையில். மாடு பிடிக்கும் கயிற்றுக்கு மறு கை வேண்டுமே! ஆகவே சவாரிக்காரரின் இடுப்பும் கால்களும்தான் குதிரையிடம் பேச வேண்டும். இதற்கென்றே அமெரிக்காவில் 2010-ல் தனிச் சங்கம் தோன்றியது.

இந்தியாவில் டிரஸ்ஸாஜ் என்ற சொல் பலர் காதில் விழுந்ததே 2023 செப்டம்பரில்தான். ஹாங்சோ ஆசியப் போட்டியில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா அணி 209.205 புள்ளிகளுடன் சீனாவை முந்தித் தங்கம் வென்றது. குதிரையேற்றத்தில் 1982 டெல்லிக்குப் பிறகு இந்தியாவுக்குக் கிடைத்த முதல் தங்கம் அது.

டிரஸ்ஸாஜ்காரர்கள் எல்லோரும் மென்மையானவர்கள் என்பதில்லை. மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரிட்டனின் சார்லட் டுஜார்டின், பயிற்சியின்போது குதிரையின் கால்களில் சாட்டையால் அடிக்கும் வீடியோவால் 2024 பாரிஸ் போட்டியிலிருந்து விலகினார். சர்வதேசச் சம்மேளனம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது.