வானின் குறுக்கு வழி

பின்லாந்து நாட்டின் தலைநகர் ஹெல்சிங்கி. ஜப்பானின் தலைநகர் டோக்கியோ. இவ்விரு நகரங்களுக்கும் இடையே குறுகிய வான்வழி எது? சுவரில் தொங்கும் உலகப் படத்தில் அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால், அக்கோடு தென்கிழக்காக இறங்கி, கசகஸ்தானையும் மங்கோலியாவையும் கடந்து டோக்கியோவை அடையும். கோடு நேரானதுதான், ஆயினும் அது குறுகிய வழியன்று. பூமியோ உருண்டை, படமோ தட்டை.

உலக உருண்டை ஒன்றை எடுத்து, இரு நகரங்களையும் தொடுமாறு ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் ஹெல்சிங்கியை விட்டதும் வடகிழக்கே ஏறும். யூரல் மலைத்தொடரின் வடகோடிக்கு அருகில் ஆர்க்டிக் வட்டத்தையும் சற்றே தாண்டும். பின்னரே சைபீரியாவின் குறுக்காக இறங்கி ஜப்பானைச் சேரும். தெற்கே உள்ள ஊருக்குச் செல்ல வடக்கே திரும்புவதா என வியப்பீர்கள். ஆனால் நூல் பொய் சொல்லாது. அதன் வழியே தொலைவு ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் அளவில் பறக்கும் விமானம், ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, ஒன்பதரை மணி அளவில் இதனைக் கடந்துவிடும். உயர வானில் மேற்கிலிருந்து கிழக்காகக் கடுங்காற்று வீசுவதால், திரும்பும் பயணத்திற்குச் சற்று மிகுதியான நேரம் ஆகும்.

ஆனால் வானம் எல்லார்க்கும் பொதுவன்று. ஒரு நாட்டின் நிலத்திற்கு மேலுள்ள வான்வெளி அந்நாட்டிற்கே உரியது என்பது 1944-இல் சிக்காகோவில் உருவான உடன்படிக்கையின் முதல் விதி. நம் நூல் செல்லும் வழியில் பெரும்பகுதி ருஷ்ய நிலத்தின் மேலது. எனவே 1983-இல் பின்ஏர் என்னும் பின்லாந்து விமான நிறுவனம் டோக்கியோவுக்கு இடைநில்லாப் பயணத்தைத் தொடங்கியபோது, சோவியத் வான்வெளியை விலக்கி, வடதுருவத்தின் மேலேறி, அலாஸ்காவின் ஓரமாக இறங்க வேண்டியிருந்தது. பயணம் சுமார் 13 மணி நேரம் பிடித்தது. பின்னாளில் சைபீரிய வழி திறந்தது, நேரமும் குறைந்தது. ஐரோப்பாவிலிருந்து கிழக்காசியாவுக்குச் செல்வோர் பலர் ஹெல்சிங்கியில் விமானம் மாறலாயினர். அந்நிறுவனத்தின் வாணிகமே இக்குறுக்கு வழியை நம்பி வளர்ந்தது எனலாம்.

2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. ஐரோப்பிய நாடுகள் ருஷ்ய விமானங்களுக்குத் தம் வான்வெளியை மூடின. ருஷ்யாவும் அவ்வாறே செய்தது. ஊர்கள் இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. பயண நேரமோ மீண்டும் 13 மணி ஆயிற்று. அன்றன்றைய காற்றைக் கணித்து, விமானம் தெற்கே காஸ்பியன் கடலையும் சீனாவையும் கடந்து செல்லும். அன்றேல் பழையபடி துருவத்தின் மேலே செல்லும். எவ்வழியாயினும் 10,000 கிலோமீட்டருக்கு மிகும்.

துருவ வழியில் குளிர் ஒரு தனித் தொல்லை. விமான எரிபொருள் பூஜ்யத்திற்குக் கீழ் 47 பாகை அளவில் உறையத் தொடங்கும். ஆதலால் விமானி அதன் வெப்பநிலையை இடைவிடாது கவனித்து, வேண்டுமானால் சற்றுக் கீழிறங்கி, குளிர் குறைந்த காற்றினூடே செலுத்துவார். அவ்வழியே சென்ற பயணிகளுக்குத் துருவத்தைக் கடந்தமைக்கு அடையாளமாக அந்நிறுவனம் ஒரு சான்றிதழ் வழங்கியது. மூன்று மணிக்கு மேல் கூடுதலாக அமர்ந்திருந்தவர்களுக்கு அது ஓரளவு ஆறுதலாய் இருந்திருக்கலாம்.