நாற்றங்கால் ஜலத்தில் தோன்றும் சிற்றுயிர்கள்

மேட்டூர் ஜலம் காவேரியிலும் அரசலாற்றிலும் வந்து கும்பகோணம் வட்டாரத்து நாற்றங்கால்களில் தேங்கிச் சில தினங்கள் சென்றதும், அந்நீரில் பலவகைச் சிற்றுயிர்கள் தோன்றுகின்றன. நேற்று தெளிந்திருந்த நீரில் இன்று ஏதோ துள்ளுவதையும் நெளிவதையும் கண்டு குடியானவர் அஞ்சுவது இயல்பே. ஆயினும் அவை இன்னவையென்று அறியாமல் பூச்சிமருந்தை இறைப்பது வீண் செலவாகும். பயிருக்குத் துணையாயிருப்பவையும் அதனால் மடியும்.

அறியும் முறை எளிது. வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் வயல் நீரை மொண்டு, மண் படியும் வரை நிழலில் அசையாது வைத்து, வெளிச்சத்துக்கெதிரே பிடித்துப் பார்க்கவேண்டும். பிறகு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றிப் பூதக்கண்ணாடியால் நோக்கினால் உறுப்புகள் தெளிவாய்ப் புலப்படும்.

கடுகினும் சிறியதாய், இரண்டு ஓடுகளுக்குள் உடலை அடக்கிக்கொண்டு விரைந்து ஓடுவது ஓட்டுப்பூச்சி. இது பாசியைத் தின்பது, நெல்லைத் தீண்டாது. ஆனால் நீலப்பச்சைப் பாசியை உரமாக இட்ட வயலில் அப்பாசியை மேய்ந்து குறைத்துவிடும். விட்டுவிட்டுத் துள்ளுவது நீர்த்தெள்ளு. சிறு மீன்களுக்கு இரையாவது.

நெற்றியில் ஒரே கண்ணும், பெண்ணினத்தில் வாலருகே இரண்டு முட்டைப் பைகளும் உடையது சைக்ளாப்ஸ். இதுவும் பயிரைக் கெடுப்பதன்று. முற்காலத்தில் குடிநீரோடு இதை விழுங்கியதனாலேயே நரம்புச்சிலந்தி நோய் பரவிற்று. 2000-ம் ஆண்டில் இந்தியா அந்நோயினின்று விடுபட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

நீர்மட்டத்தில் படுத்தாற்போல் கிடப்பது மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் இனத்துக் கொசுவின் புழு. தலைகீழாய்ச் சாய்ந்து தொங்குவது கியூலெக்ஸ் இனத்தின் புழு. இவற்றைப் பிடித்துத் தின்னும் தும்பியின் இளம்பூச்சி சேற்றோரத்தில் பதுங்கியிருக்கும். மருந்தால் தும்பி அழிந்தால், பின்னர் பெருகும் கொசுவைத் தடுக்கும் துணை இல்லாமற் போகும்.

மெய்யான பகைவன் கூண்டுப்புழுவே. இலை நுனியைக் கத்தரித்துக் குழல்போற் சுருட்டி, அதனுள் உடலை மறைத்து நீரில் மிதந்து செல்லும். இது சுரண்டிய இலைகள் வெண்மையாய்க் காகிதம்போல் தோன்றும். புட்டியில் மிதக்கும் இலைத்துண்டு தானே நகருமாயின் ஐயம் வேண்டாம். இப்புழு உடலின் பக்கங்களிலுள்ள மெல்லிய செவுள்களால் நீரிலிருந்தே சுவாசிப்பதால், நீரின்றி நெடுநேரம் பிழையாது. ஆதலின் நாற்றின்மேல் கயிற்றை இழுத்துக் கூண்டுகளை நீரில் உதிர்த்து, வடிமடையில் சல்லடை வைத்து அவற்றைச் சேர்த்து அழித்து, இரண்டு மூன்று தினங்கள் வயலைக் காயவிடுக. சல்லடையின்றி வடித்தால் புழு அடுத்தவர் வயலுக்குச் செல்லும். பகை தெருவிலும் வளரும்.

இன்னதென்று துணிய இயலாத உயிரைப் புட்டியோடு வேளாண்மை அலுவலரிடமோ, 1922-ல் ஏற்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுவது நலம். கிராம அலுவலர்களும் தத்தம் ஊரில் இம்முறையைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பாராயின், மருந்துச் செலவும் மடைச் சண்டையும் ஒருங்கே குறையும்.